அண்ணியின் மடிப்பு

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் காணாமல் போனாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். அது தின்கிற பொருளாக இருந்தால் கேட்கக்கூட மாட்டார்கள், நேராகத் தீர்ப்புதான். வீட்டில் இருந்தது மூன்றே பேர். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவன் பழுது பார்க்கிற இரும்புக் கயிறு மாதிரியே இருப்பான். அண்ணி அதைவிட ஒல்லி. மிச்சம் இருப்பது நான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது என் வேலை. உட்கார்ந்தே செய்கிற வேலை, உடம்பும் அதற்குத் தகுந்த மாதிரி. "பாப்பா, நீ ஏறினா லிஃப்டே ஒரு நிமிஷம் யோசிக்கும்" என்பான் அண்ணன். நானும் சிரித்துவிட்டு இன்னொரு வாய் போட்டுக்கொள்வேன். சாப்பாடு பிடிக்கும் என்று சொல்ல எனக்கு என்றைக்குமே வெட்கம் இருந்ததில்லை.

ஆனால் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, அண்ணியைப் பற்றி.

அண்ணி ரொட்டி ஃபேக்டரியில் பேக்கிங் வேலை பார்த்தாள். இரவு ஷிஃப்ட். மூன்று மாதத்துக்கு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இரவில் ஆள் பற்றவில்லை, பிறகு பகலுக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். அந்தப் பிறகு ஒன்பது வருஷமாகியும் வரவில்லை. அங்கே இயந்திரமே ரொட்டியை வெட்டும், பைக்குள் தள்ளும். பையின் வாயை மூடுவது மட்டும் கை வேலை. அதில் ஆளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அண்ணி இடக்கைக்காரி. பையின் கழுத்தைப் பிடித்து இடப்பக்கமாக இரண்டு முறுக்கு, ஒரு மடிப்பு, மடித்த வாலை ரொட்டிக்கு அடியில் ஒரு செருகல். கயிறு வேண்டாம், கிளிப் வேண்டாம், தலைகீழாகப் பிடித்தாலும் அவிழாது. மற்றவர்கள் எல்லோரும் வலப்பக்கம் முறுக்குகிறவர்கள். அதனால் வண்டியில் ஏற்றும்போது தூரத்தில் நின்றே "அது நம்ம இடக்கை" என்று சூப்பர்வைசர் சொல்லிவிடுவாராம். இதை அண்ணி பெருமையாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்குப் பஸ் நம்பர் சொல்வது போலச் சொன்னாள்.

வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. சர்க்கரைப் பை, பருப்புப் பை, சோப்புத் தூள் பை, எல்லாம் அண்ணி தொட்டால் இடப்பக்கம் முறுக்கிக் கழுத்தை அடியில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நானும் எத்தனையோ தடவை முயன்று பார்த்தேன். என் கைக்கு வரவே இல்லை. நான் துணி கிளிப்பை மாட்டுகிற ஜாதி.

ஊர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் வீடு வருவாள். அண்ணன் கீழே இறங்குவான், அவள் மேலே ஏறுவாள். "என் பொண்டாட்டிய நான் மாடிப்படியிலதான் குடும்பம் நடத்துறேன்" என்று அவன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான். தெருவில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படவில்லை. "சரியாத்தானே வச்சிருக்காங்க" என்றாள். அவ்வளவுதான் அவள். திட்டினாலும் பாராட்டினாலும் ஒரே முகம். படுக்கையறை ஜன்னலில் கறுப்புப் போர்வையை ஆணி அடித்து மாட்டியிருந்தாள். காலிங் பெல்லின் ஒயரை அண்ணன் பிடுங்கிப் போட்டிருந்தான். காதில் பஞ்சு. இவ்வளவும் செய்துவிட்டு, கண்ணைத் திறந்தபடி படுத்திருப்பாள். மத்தியானம் நான் சாப்பிட வரும்போது உள்ளே கட்டில் கிரீச் என்று புரளும் சத்தம் கேட்கும். விடுமுறை நாளில் எல்லோரையும் போலப் பகலில் விழித்து இரவில் தூங்கப் பார்ப்பாள். அதனால் மறுநாள் இன்னும் குழப்பம். உடம்பைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது அவள் பிழைப்பு.

சாப்பாடு அதைவிட மோசம். ஃபேக்டரியில் இடைவேளையில் எல்லோரும் டப்பாவைத் திறக்கும்போது அவள் வெறும் டீ குடிப்பாள். ரொட்டி வேகிற வாசனை ஊருக்கே நாக்கில் நீர் ஊற வைக்கும், அவளுக்குக் குமட்டும். காலையில் வீட்டுக்கு வந்தால் தூங்க வேண்டும் என்ற அவசரம். சாயங்காலம் எழுந்தால் வாயில் கசப்பு. தட்டில் போட்டதில் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தள்ளி வைப்பாள். நான் சமைத்தது. என் சமையலில் ஒரு நாள் உப்பு தூக்கலாக இருக்கும், ஒரு நாள் உப்பே இருக்காது. அண்ணன் முதல் வாயிலேயே கத்துவான். அண்ணி ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதலில் நல்ல குணம் என்று நினைத்தேன். பிறகுதான் அவளுக்கு எதுவுமே தெரியவில்லை என்று புரிந்தது. ஒரு நாள் என்னிடம் கேட்டாள்:

"பசின்னா எப்படி இருக்கும்?"

"என்ன அண்ணி, விளையாடுறீங்களா?"

"இல்ல, நெஜமாத்தான் கேக்கறேன். வயித்துல எந்தப் பக்கம் இருக்கும்?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் என் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தாள். பதில் வராது என்று தெரிந்ததும் எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள்.

தூக்கமில்லாமல் ஒரு நாள் ஃபேக்டரியில் ரொட்டி ஓடி வருகிற பெல்ட்டில் அவள் கை சிக்கப் பார்த்தது. அதன் பிறகுதான் தூக்க மாத்திரை வந்தது. கூட வேலை பார்க்கிறவள் தன் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் பரபரப்பான மனிதர், தூக்கம் வரவில்லை என்ற ஒன்றைக் கேட்டார், எழுதிக் கொடுத்தார். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. கட்டில் புரளும் சத்தம் நின்றது. மத்தியானம் நான் பாத்திரத்தைத் தவறிக் கீழே போட்டாலும் அவள் எழுந்திருக்கவில்லை. வீடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

அதற்குப் பிறகுதான் சாப்பாடு காணாமல் போக ஆரம்பித்தது.

முதலில் வெண்ணெய். பிறகு அரைப் பாக்கெட் பிஸ்கட். காய்ச்சி வைத்த பால், சர்க்கரை, வேகவைத்த உருளைக்கிழங்கு. அப்புறம் யாரும் தின்னாததெல்லாம் போனது. பச்சை மாவு, பச்சை முட்டை, உறைந்து கல்லாக இருந்த பட்டாணி. எல்லாம் பகலில்தான் போனது. அண்ணன் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். அண்ணி மாத்திரை போட்டுக்கொண்டு கட்டையாகக் கிடக்கிறாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து போகிற ஆள் யார்? நான்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கே என்மேல் சந்தேகம் வரும்.

"ஏன் பாப்பா, பச்சை மாவையுமா?" என்றான் அண்ணன். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் எடுக்கல."

"சரி, எடுக்கல. விடு."

அந்த 'விடு'தான் என்னை அறுத்தது. நம்பவில்லை, ஆனால் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம். செய்யாத தப்புக்கு வந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அண்ணியின் தலையணையில் எறும்பு ஊர்ந்தது. அவளே தட்டிவிட்டாள். விரல் நகத்துக்குள் மாவு இருந்தது. போர்வையில் ரொட்டித் தூள் இருந்தது. இவ்வளவும் கண்ணெதிரே இருந்தும் எங்கள் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. மாவு மில்லில் வேலை பார்க்கிறவன் தலை வெள்ளையாக இருந்தால் நரை என்றா நினைப்போம்? ரொட்டி ஃபேக்டரிக்காரி படுக்கையில் ரொட்டித் தூள் இல்லாமல் இரும்புத் தூளா இருக்கும்? அவளும் அப்படித்தான் நினைத்தாள். இன்னும் நன்றாகக் குளித்துவிட்டுப் படுத்தாள். மறுநாளும் எறும்பு வந்தது.

அப்போதுதான் அவளுக்கு உடம்பு போட ஆரம்பித்தது. ஃபேக்டரி சட்டையின் பட்டன் இடுப்பில் இழுத்துப் பிடித்தது. இரண்டு வாய் தின்கிறவளுக்கு எங்கிருந்து சதை வரும்? ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. அண்ணி கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை யாருடையதோ போலத் தொட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன். அன்றிலிருந்து அந்த இரண்டு வாயையும் நிறுத்தினாள். ஒரு வெள்ளரிக்காய், பால் இல்லாத டீ, அவ்வளவுதான் விழித்திருக்கும் நேரம் முழுவதற்கும். அவள் எவ்வளவு குறைத்தாளோ, அவ்வளவு அதிகமாகச் சமையலறையிலிருந்து பொருள் போனது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்கள் யாருக்கும் புத்தி இல்லை.

ஒரு சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்தபோது கூடத்தில் அண்ணியும், அவள் போன் செய்து வரவழைத்த அண்ணனும் நின்றுகொண்டிருந்தார்கள். வீடெல்லாம் புகை வாடை. அடுப்பு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. மேலே வைத்த பாத்திரம் கரியாகி அடி விட்டிருந்தது. பக்கத்தில் தொங்கிய கைப்பிடித் துணியின் ஒரு மூலை கருகியிருந்தது. அண்ணி புகை நெடியில் எழுந்து வந்து அணைத்திருக்கிறாள்.

"மத்தியானம் வந்தியா?" என்று அண்ணன் கேட்டான்.

"வந்தேன். சாப்பிட்டேன். போனேன். அடுப்பையே தொடல."

அண்ணி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். இல்லை. ரொட்டிப் பையைச் சரி பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"பசிச்சா என்கிட்ட கேட்டிருக்கலாம்" என்றாள். "எடுத்துத் தின்னதுகூடப் பரவாயில்ல. நான் உள்ள தூங்கிட்டிருக்கேன். நெருப்பு வச்சுட்டுப் போயிட்டே."

"அண்ணி, சத்தியமா நான் இல்ல."

"அப்ப யாரு? நானா?"

அவள் இல்லை என்று எனக்கும் அவ்வளவு நிச்சயமாகத் தெரியும்.

"இவ இருக்கற வீட்ல என்னால கண்ணை மூட முடியாது" என்று அண்ணனிடம் சொன்னாள். அதையும் கத்திச் சொல்லவில்லை. அண்ணன் தரையைப் பார்த்தான். பத்து மாடிக்கு நடுவில் தொங்குகிற லிஃப்டில் பயமில்லாமல் இறங்குகிறவன், எனக்காக வாயைத் திறக்கப் பயந்தான். கடைசியில் "கொஞ்ச நாளைக்கு மட்டும், பாப்பா" என்றான். கொஞ்ச நாளைக்கு என்றால் என்ன என்று ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் பார்த்தவள் நான்.

அப்பா அம்மா இல்லை, கல்யாணம் ஆகவில்லை, அந்த வீட்டை விட்டால் எனக்கு வேறு வீடு கிடையாது. பெண்கள் விடுதியில் நாலு பேர் படுக்கிற அறையில் ஒரு கட்டில் சொல்லி வைத்தேன். அழுகை வரும் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. திருடி என்ற பெயரோடு வெளியே போகிறோம் என்பது மட்டும் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

கிளம்புகிற அன்றைக்குக் கடைக்கு லீவு போட்டேன். அண்ணன் காலையிலேயே போய்விட்டான், என் முகத்தைப் பார்க்காமல் போவதற்காகவே சீக்கிரம் போனான் என்று நினைக்கிறேன். அண்ணி மாத்திரை போட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். மத்தியானத்துக்குள் என் பெட்டி தயார். வாசல்வரை வந்த பிறகு வாணலி ஞாபகம் வந்தது. கனமான இரும்பு வாணலி, என் சம்பளத்தில் நான் வாங்கியது. விடுதியில் சமைக்க விடமாட்டார்கள், எனக்கும் தெரியும். இருந்தாலும் அதை இவர்களுக்கு விட்டுப் போக மனசு வரவில்லை. என் அற்பப் புத்தி அன்றைக்கு எனக்குச் செய்த உபகாரத்தை வேறு யாரும் செய்யவில்லை.

வாணலி சமையல் மேடைக்கு அடியில், துணித் திரைக்குப் பின்னால் கிடக்கும். குனிந்து கையை விட்டேன். ரொட்டி அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேட் ஒன்று கையில் தட்டுப்பட்டது. ஃபேக்டரியில் உடைந்து போட்டதை வெங்காயம் வைக்கலாம் என்று அண்ணி எப்போதோ கொண்டுவந்தது. அதில் வெங்காயம் வைத்ததே இல்லை. கொஞ்ச நாளாக அந்தப் பக்கம் அழுகல் வாடை வந்தது உண்மைதான். எலி செத்துக் கிடக்கிறது என்று அண்ணன் பினாயில் ஊற்றியிருந்தான். கிரேட்டை வெளியே இழுத்தேன்.

உள்ளே வரிசையாக ரொட்டிப் பைகள். ஃபேக்டரி வண்டியில் அடுக்குவது போலவே, எல்லாக் கழுத்தும் ஒரே பக்கம் பார்க்க. ஒன்றில் முட்டை ஓடு. ஒன்றில் வெண்ணெய்க் காகிதம். ஒன்றில் பாதி கடித்த பச்சை உருளைக்கிழங்கு, பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. ஒன்றில் குளிக்கிற சோப்பு, அதிலும் பல் தடம். ஒவ்வொரு பையும் இடப்பக்கமாக இரண்டு முறுக்கு, ஒரு மடிப்பு, அடியில் செருகல்.

எவ்வளவு நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. படுக்கையறைக் கதவு திறந்தது.

அண்ணி வந்தாள். கண் திறந்திருந்தது. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அவள் முகத்திலேயே விழுந்தும் இமைக்கவில்லை. "அண்ணி" என்றேன். என் காலைத் தாண்டிப் போனாள், நான் தரையில் கிடக்கிற ஒரு மூட்டை என்பது போல. ரொட்டியை எடுத்து வாயில் திணித்தாள், விழுங்குவதற்குள் அடுத்தது. சர்க்கரை டப்பாவுக்குள் கையை விட்டு அள்ளினாள். மாவை அள்ளினாள், இருமல் வந்தது, இருமிக்கொண்டே தின்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. ஆசை இல்லை, அவசரமும் இல்லை. பெல்ட்டில் வந்ததைப் பைக்குள் போடுவது போல வாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் அடுப்பைப் பற்றவைத்தாள். மேலே எதையும் வைக்கவில்லை. மாவு படிந்த கை, தொளதொளத்த நைட்டியின் கை, இரண்டும் நெருப்புக்கு மேலேயே போய் வந்தன.

நான் எழுந்து அடுப்பை அணைத்தேன். அவளுக்கு அது தெரியவில்லை. விடுதிக்கு நான் ஒரு மணி நேரம் முன்னால் போயிருந்தால் அதை அணைக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

தின்று முடித்தாள். மிச்ச ரொட்டியையும் காகிதத்தையும் ஒரு பையில் போட்டாள். கழுத்தை முறுக்கினாள். அந்த ஒரு வேலையில் மட்டும் அவள் கை அவ்வளவு அழகாக, அவ்வளவு விழிப்பாக இருந்தது. குனிந்தாள். கிரேட் இருந்த இடத்தில் கையால் தடவிப் பார்த்து, இல்லை என்று தெரிந்ததும் பையைத் தரையிலேயே ஒழுங்காக வைத்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் பைகளைக் கூடத்து மேஜையில் வரிசையாக வைத்தேன். அவள் எழுந்திருக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன். அவளைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் வர வேண்டும் என்று நான் நியாயமாக எதிர்பார்த்தேன். கொஞ்சம்கூட வரவில்லை.

சாயங்காலம் அண்ணி வெளியே வந்தாள். வாயின் ஓரத்தில் மாவு.

"நீ இன்னும் போகலையா?"

"இல்ல அண்ணி. இதைப் பாருங்க."

"என்ன இது? குப்பையை எதுக்கு மேஜையில வச்சிருக்கே?"

"நீங்க வச்சது. தூக்கத்துல எழுந்து வந்து தின்னுட்டு, கட்டி வச்சிருக்கீங்க. இன்னிக்கு நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். அடுப்பைப் பத்த வச்சீங்க."

"நான் எழுந்திருக்கவே இல்லையே. மாத்திரை போட்டேன்" என்றாள். பொய் சொல்கிறவளைப் பார்த்துப் பரிதாபப்படுகிற குரல். நான் எவ்வளவு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள், அவள் இடத்தில் இருந்தால் நானும்தான் நம்ப மாட்டேன். ஆனால் அவள் கை தானாக ஒரு பையின் அடிக்குப் போய், செருகியிருந்த வாலை விரலால் தொட்டது. மெதுவாக இழுத்தது. இரண்டு முறுக்கும் வலப்பக்கமாகச் சுழன்று அவிழ்ந்தன. அடுத்த பையை எடுத்தாள். அதற்கடுத்தது. எல்லாவற்றையும் பார்த்தாள்.

"இது என் மடிப்பு" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். நகத்தைப் பார்த்தாள். நாக்கால் உதட்டோரத்தைத் தொட்டுப் பார்த்தாள். வாசலில் இருந்த என் பெட்டியின் மேல் அவள் பார்வை போய் நின்றது. மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வராது, அவள் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

"நான் தூங்கறப்ப நீ வீட்ல இரு" என்றாள்.

நான் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

அண்ணன் வந்தான், கேட்டான், மேஜையைப் பார்த்தான். "பாப்பா..." என்று ஆரம்பித்து அதோடு நிறுத்தினான். உடனே வெளியே போய்ப் பெரிய பூட்டு ஒன்று வாங்கிவந்து சமையலறைக் கதவில் போட்டு, சாவியை என் கையில் கொடுத்தான். எந்தக் கதவை எப்படிப் பூட்ட வேண்டும் என்று தெரிந்தவனுக்கு, தங்கையிடம் எப்படி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை. வீட்டின் சாப்பாட்டுத் திருடி கையில் சமையலறைச் சாவி. எனக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன். முழுதாக விட்டேனா என்று கேட்டால், இல்லை.

வேறொரு டாக்டரிடம் போனோம். நிதானமான அம்மா. தூக்கத்தை மட்டும் கேட்கவில்லை, எப்போது சாப்பிடுகிறாள், எவ்வளவு, எத்தனை வருஷமாக இரவு வேலை, எல்லாம் கேட்டார்.

"உடம்புக்குள்ள ஒரே கடிகாரம் இல்லம்மா" என்றார். "தலைக்கு ஒண்ணு இருக்கு, வயித்துக்கும் தனியா இருக்கு. உங்களுக்கு ரெண்டும் வேற வேற மணி காட்டுது. முழிச்சிருக்கும்போது நீங்க பட்டினி போட்டீங்க. அது நீங்க தூங்கற வரைக்கும் காத்திருந்து வாங்கிக்கிச்சு. இந்த மாத்திரை அதுக்குக் கதவைத் திறந்து விட்டிருக்கு. சிலருக்கு அப்படி ஆகும்."

"அப்ப நான் கெட்டவ இல்லையா?" என்று அண்ணி கேட்டாள். இவ்வளவு நாள் அப்படி ஒரு கேள்வி அவளுக்குள் இருந்தது எங்களுக்குத் தெரியாது. வயிறு பெருத்த நாளிலிருந்து இருந்திருக்க வேண்டும்.

"இல்லம்மா. களைச்சுப் போயிருக்கீங்க."

மாத்திரையைத் தன் மேற்பார்வையில் மாற்றினார். பகல் ஷிஃப்ட் வேண்டும் என்று ஃபேக்டரிக்கு எழுதிக் கொடுத்தார். ஒன்பது வருஷமாக வராத அந்தப் 'பிறகு', டாக்டரின் காகிதத்தைக் கண்டதும் வந்தது. பட்டினி கூடாது, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் குறித்த நேரத்தில், யாராவது கூட உட்கார்ந்து, வெளிச்சத்தில் சாப்பிட வேண்டும் என்றார். கூட உட்காரும் யாராவது நான்தான் என்று யாரும் சொல்லாமலே முடிவானது.

நினைத்த மாதிரி உடனே எதுவும் சரியாகவில்லை. பூட்டிய சமையலறைக் கதவை அவள் தூக்கத்தில் வந்து தள்ளிப் பார்த்த நாட்கள் உண்டு. மறுநாள் சொன்னால் "அப்படியா" என்பாள். தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

"பசிக்கல."

"பசிக்காக இல்ல அண்ணி, மணிக்காக."

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவள் போல ஒவ்வொரு வாயாக வைப்பாள். நான் எதிரே உட்கார்ந்து என் தட்டைக் காலி செய்வேன். இப்படியே மழைக்காலம் வந்து போனது.

ஒரு நாள் மத்தியானம், அவளுக்கு லீவு, எனக்கும் கடை இல்லை. சோறும், காய் போட்ட குழம்பும். அவள் பாதியில் கையை நிறுத்தினாள்.

"அன்னிக்கு நீ பக்கத்துல நின்னு பார்த்தேல்ல?"

"பார்த்தேன்."

"நான் ருசிச்சா சாப்பிட்டேன்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். என்னைத் திருடி என்று சொன்னவளிடம் பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

"இல்ல அண்ணி. மூஞ்சில ஒண்ணுமே இல்ல. பேக்கிங் பண்ற மாதிரி இருந்துச்சு."

அவள் தலையை ஆட்டினாள். முகத்தில் வருத்தம் மாதிரி ஒன்று வந்து போனது. இன்னொரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். திரும்ப மென்றாள். புருவம் சுருங்கியது.

"இதுல உப்பே இல்ல" என்றாள்.

என் சமையலைக் குறை சொன்னதற்காக நான் அழுதது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்குடி அழறே, கொஞ்சம் உப்புதானே" என்று கேட்டாள். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வந்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.